மஞ்சள் கோட்டில் நிற்பவர்

சாப்பாட்டு மணி அடித்ததும் சூப்பர்வைசர் மஞ்சள் கோட்டுக்கு வந்துவிடுகிறார். லேத்துகள் ஓடும் கூடம் முடிந்து ஆபீஸ் வராந்தா தொடங்கும் இடத்தில் தரையில் அடித்த கோடு அது. ஜன்னல் விளிம்பில் டப்பாவைத் திறந்துவைத்து நின்றபடியே சாப்பிடுவார். கேட்டால், "நின்னுக்கிட்டு சாப்பிட்டா தொப்பை விழாது" என்பார். தொப்பை விழுந்து மூன்று வருடமாகிறது.

பதவி உயர்வு வந்ததும் அப்போதுதான். அதற்கு முன் அவரும் லேத்காரர்தான். இப்போது வெள்ளைச் சட்டை. பேன்ட் பையில் மட்டும் இன்னும் ஒரு வேஸ்ட் துணி. எண்ணெயே படாத கையை நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பார். எந்த லேத்தில் டூல் மழுங்கினாலும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். கை தானாக நீளும், பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விடும். மேலே மேனேஜர்கள் மேஜையில் உட்கார்ந்தால் பேச்சு மழை வெயிலுக்கு மாறுகிறது. கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சே நின்றுவிடுகிறது. மரியாதைக்கு மட்டும் இரண்டு பக்கமும் குறைவில்லை, பாவம்.

அந்தப் பெஞ்சில்தான் பக்கத்து லேத்காரரோடு இருபத்திரண்டு வருடம் ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டார். வாடா போடாதான். ஒருவர் தாமதமானால் இன்னொருவர் அவருக்கும் சேர்த்து வருகை அட்டை குத்திவிடுவார். பதவி வந்த முதல் வாரம் நண்பர் பத்து நிமிடம் தாமதம். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். அது சூப்பர்வைசருக்கும் தெரியும். வேண்டியவனுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து மெமோ எழுதி நீட்டினார். "எங்க சார் கையெழுத்து போடணும்?" என்று மட்டும் கேட்டார் நண்பர்.

எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கும் சூப்பர்வைசருக்கு. "ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று வீட்டில் மனைவி கேட்பாள். "சொல்லிக்கலாம், அவன் எங்க போயிடப் போறான்" என்பார்.

போன வெள்ளிக்கிழமை நண்பருக்கு வேலையில் கடைசி நாள். மணி அடித்ததும் சூப்பர்வைசர் டப்பாவோடு கோட்டைத் தாண்டினார். நண்பரின் பெஞ்சருகே வந்து நின்றார். மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சில், "என்னடா, இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்பதுதான் வாயில் வந்தது.

நண்பர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார். "உக்காருங்க சார்" என்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.