மடை திறந்து கொடுத்த ஞானஸ்நானம்

அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. காலைப் பூசையில் அவருக்காக வேண்டிக்கொண்டு, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பந்தலில் சாப்பாட்டுக்கு இலை விழும் வரை காத்திருக்கும் உற்றார் உறவினர் கையில் இந்த நினைவு மலர் இருக்கும். அப்பாவைப் பற்றி உயர்வாக எழுதும்படி அக்கா சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. உயர்வு இருந்தால் அதில் தெரியும்.

அப்பா பிறந்தது பண்டசோழநல்லூரில், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து ஒதியம்பட்டுக்குத் தாய்மாமன் வீட்டோடு வந்தார். மாமனுக்குப் பிறகு ஊர் ஏரியின் மடையைத் திறந்து மூடும் பொறுப்பு அவரிடம் வந்தது. யார் வயலுக்கு எந்த நாளில் எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் தலைக்குள் இருந்தது. முறை தவறித் தண்ணீர் விட்டார் என்று அவர்மீது வாழ்நாளில் ஒரே ஒரு புகார்தான் உண்டு. அந்தப் புகார் உண்மை.

அதைச் சொல்வதற்கு முன் அம்மாவைச் சொல்ல வேண்டும். கல்யாணமான முதல் ஆண்டில் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. மடத்து ஆஸ்பத்திரியில் கன்னியம்மாக்கள் மூன்று வாரம் வைத்துப் பார்த்துப் பிழைக்க வைத்தார்கள். வீடு திரும்பிய அன்றே அம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போவதாக அறிவித்தார். அப்பா தானும் சேர்வதாகச் சொன்னார். இருவரும் ஞாயிறுதோறும் வில்லியனூருக்கு நடந்துபோய் உபதேசியாரிடம் பாடம் படித்தார்கள். உயிர்ப்புத் திருநாளான அடுத்த பாஸ்காவுக்கே அம்மா ஞானஸ்நானம் பெற்றார். அப்பா பெறவில்லை. அதற்கடுத்த பாஸ்காவுக்கும் பெறவில்லை.

பாடம் மனப்பாடம் ஆகாமல் இல்லை. பாடத்துக்குப் பின் அவர் பேசினார். அந்தப் பேச்சை உபதேசியாரே பிற்பாடு என்னிடம் நடித்துக் காட்டியிருக்கிறார்.

“ஞானஸ்நானம்னா இன்னாபா?” என்று கேட்டார் உபதேசியார்.

“ஜென்மப் பாவத்தப் போக்கி, நம்மள சர்வேசுரனுக்குப் புள்ளையாக்கி, திருச்சபையில சேக்குறது.”

“எப்பிடிக் குடுக்கிறது?”

“பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து பேரச் சொல்லி மூணு தபா தலையில தண்ணி ஊத்தறது. ஆனா உபதேசியாரே, மூணு கைத் தண்ணி எப்பிடிப் பத்தும்?”

“எதுக்குப் பத்தணும்?”

“ஆதாம் காலத்துலேர்ந்து சேந்த பாவம்ன்றீங்க. அம்மாம் அழுக்குக்கு மடையவே தெறந்து வுட்டாலும் பத்தாதே.”

“தண்ணி ஒடம்பக் கழுவறதுக்கு இல்லபா. அது வெளி அடையாளம். உள்ள கழுவறவரு ஆண்டவரு.”

“அப்ப தண்ணி வேணாமே.”

“தண்ணி கட்டாயம் வேணும்.”

“பாத்தீங்களா” என்றாராம் அப்பா. எதைப் பார்க்கச் சொன்னார் என்பது உபதேசியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு பங்குச் சாமியாரே சோதித்தார். அவர் பிரான்சிலிருந்து வந்தவர். தமிழைப் புத்தகத்தில் கற்றதால் எல்லோரிடமும் அச்சடித்த தமிழில் பேசுவார். ஞானஸ்நானத்தை ஒருமுறைதான் பெற முடியும், அதற்கு முன் செய்த பாவமெல்லாம் அதில் போய்விடும் என்று அவர் விளக்கியதும் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

“அப்பிடினா சாவுற நேரத்துல வாங்கிக்கிறதுதான் நல்லது சாமி. இப்பவே வாங்கிக்கினு அப்பால பாவம் பண்ணா, வாங்கினது வீணாப் பூடும்ல?”

“ஞானஸ்நானம் கடைசிக் குளியல் அன்று. அது பிறப்பு. பிறக்காதவன் எப்படி வளருவான்? நீர் வீட்டுக்குச் சென்று யோசியும்.”

அப்பா வீட்டுக்குச் சென்று யோசித்தார். அம்மா ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை.

இனி அந்தப் புகார் எழுந்த தை மாதத்துக்கு வருகிறேன். முதல் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சம்பா நெல் முற்றி, வயல் காய வேண்டும் என்பதற்காக மடையை அடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கடைசிக் கதிர்க்கட்டு களத்துக்கு வந்து சேரும் வரை அதைத் திறக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதைக் காக்க வேண்டியவர் அப்பா.

நாள் நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே, ஒரு காலையில் அம்மாவுக்குத் தலைப்பிரசவம் ஆனது. பிறந்தது அக்கா. குழந்தை அழவில்லை, உடம்பு நீலம் பாய்ந்திருந்தது. மருத்துவச்சி தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், பிறகு தலையை அசைத்தார். சாமியார் பாகூர்ப் பக்கம் போயிருந்தார். அம்மாவால் எழ முடியவில்லை.

“ஆபத்துக்கு யார் வேணா குடுக்கலாம்னு படிச்சோமே. நீயே தண்ணிய ஊத்துய்யா” என்றார் அம்மா. “ஞானஸ்நானம் இல்லாம எம் புள்ள போவக் கூடாது.”

அப்பா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அடுப்படியில் பானை நிறையக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது.

உபதேசியார் பாடம் நடத்தும்போது ஒரு படம் காட்டுவார். சேசுநாதர் யோர்தான் ஆற்றில் நிற்கிறார். தண்ணீர் அவரைச் சுற்றி ஓடுகிறது. படத்தைப் பார்த்த அனைவரும் சேசுநாதரைக் கவனித்தார்கள். அப்பா தண்ணீரைக் கவனித்தார். ஆகவே ஞானஸ்நானத்துக்கு ஓடுகிற தண்ணீர்தான் ஆகும் என்று முடிவு செய்திருந்தார். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் இருந்தது. அது அவர் கையாலேயே அடைத்துக் காய்ந்து கிடந்தது.

மடைக்கு ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கினார். தண்ணீர் வந்தது. முதல் தண்ணீர் சருகும் சாணியுமாகத்தான் வரும். சுத்தமான தண்ணீர் என்று பாடத்தில் இருந்ததால் அப்பா அது போகட்டும் என்று நின்றார். மடைக்குக் கீழே முதல் வயல் அப்பாவின் தாய்மாமன் மகன் முருகேசு மாமாவுடையது. அறுத்த நெல்லைப் பரப்பிக் காயப் போட்டிருந்தார்.

“யோவ் மச்சான், இன்னா பண்ற? அறுத்துப் போட்ட நெல்லு கெடக்குதுய்யா.”

“மொதத் தண்ணி போவட்டும், இரு.”

தெளிந்த பிறகு ஒரு செம்பு மொண்டுகொண்டு வீட்டுக்கு ஓடினார். பலகையை இறக்க நினைவில்லை.

அவர் போய் வர எவ்வளவு நேரமாயிற்று என்று மூவரிடமும் தனித்தனியாக விசாரித்தேன். ஒரு யுகம் என்றார் அம்மா. ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் என்றார் மருத்துவச்சி. ஒரு காணி நெல் நனையும் நேரம் என்றார் முருகேசு மாமா. அதன் பிறகு நடந்ததில் கருத்து வேறுபாடு இல்லை. அப்பா வார்த்தை பிசகாமல் சொல்லி, மூன்று முறை ஊற்றினார். மூன்றாவது முறை ஊற்றியதும் குழந்தை ஒரு விக்கு விக்கி, வீறிட்டு அழுதது. தேவ அருள் என்கிறார் அம்மா. தை மாதத்து ஏரித் தண்ணீர் என்கிறார் மருத்துவச்சி.

முருகேசு மாமா ஆட்களோடு மடையை அடைத்துவிட்டு, கையில் அரிவாளோடு வாசலுக்கு வந்தார். உள்ளே அழுகை கேட்டதும் நின்றார்.

“இன்னா கொழந்த?”

“பொண்ணு” என்றார் அப்பா. “ஞானஸ்நானத்துக்கு மூணு கைத் தண்ணி தேவப்பட்டுது.”

“மூணு கைக்கு எங் காணிய முழுவடிச்சியேய்யா. நாளைக்கு ஊர்த் தலைவரு மேர் கிட்டப் பிராது குடுக்கிறேன் பாரு.” சொல்லிவிட்டு நெல்லை வாரிக் காய வைக்கப் போனார். பிராது கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அப்பாவும் அவரோடு நின்று நெல்லைத் துழாவினார்.

அம்மாவின் கவலை அன்று சாயந்திரம்தான் தொடங்கியது. குழந்தை இன்னும் தேறவில்லை. எந்த நேரமும் எதுவும் ஆகலாம். ஊற்றியவரோ ஞானஸ்நானம் பெறாதவர். இரண்டு ஆண்டாக, மூன்று கைத் தண்ணீர் பத்தாது என்று வாதாடியவர். அவர் கொடுத்தது செல்லுமா?

மறுநாள் மதியம் சாமியார் வந்தார். குழந்தையைப் பார்த்தார். அப்பாவை எதிரே நிற்க வைத்தார்.

“நீர் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்?”

“ஏரித் தண்ணி சாமி. ஓடுற தண்ணி.”

“பானைத் தண்ணீரே போதுமாயிருந்தது. ஓட வேண்டியதில்லை.”

முருகேசு மாமா வாசலில் இருந்தார். “இத மின்னாடியே சொல்லிக் குடுத்திருக்கலாமே சாமி” என்றார்.

“எந்த வார்த்தைகளைச் சொன்னீர்?”

அப்பா சொன்னார். பிழையில்லை.

“என்ன கருத்தோடு ஊற்றினீர்?”

அம்மா பாயைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அப்பாவுக்குப் பொய் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது.

“நம்பி ஊத்துனியான்னா, தெரியல சாமி. நம்புறதுக்கு நேரம் இல்ல. இவ இன்னா நெனச்சி ஊத்தச் சொன்னாளோ, கோயில்ல நீங்க இன்னா நெனச்சி ஊத்துறீங்களோ, அதுக்குத்தான் ஊத்துனேன்.”

சாமியார் அம்மா பக்கம் திரும்பினார். “ஞானஸ்நானம் செல்லும். திருச்சபை செய்வதைச் செய்யும் கருத்து இருந்தால் போதும். இதை மறுபடி கொடுக்க எனக்கே அதிகாரம் கிடையாது. உப்பும் எண்ணெயும் வெள்ளைத் துணியுமான சடங்குகள் மட்டும் பாக்கி.”

அம்மா அழுதார். அப்பாவுக்குத்தான் சமாதானமாகவில்லை. “நான் வேதத்துலயே இல்ல. நான் குடுத்தது எப்பிடி சாமி செல்லும்?”

“கொடுத்தவர் சேசுநாதர். அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. உமது கை அருகில் இருந்தது.”

“அதான பாத்தேன்” என்றார் அப்பா. “மடையத் தெறக்கிறவனா ஏரிக்குச் சொந்தக்காரன்?”

இரண்டு ஆண்டு பாடத்தில் புரியாதது அந்த நிமிஷத்தில் புரிந்ததாக உபதேசியார் சொல்வார். அந்தப் பாஸ்காவுக்கு அப்பா ஞானஸ்நானம் பெற்றார். எத்தனை கைத் தண்ணீர் என்று கேட்கவில்லை. திருச்சபைக் கணக்கில் அக்கா அவருக்கு மூன்று மாதம் மூத்தவர். அக்கா பேசப் பழகியபின் இதை யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்; அப்பா அதட்டும்போதெல்லாம் “பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசுறது?” என்று கேட்பார்.

அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் அப்பா மடை பார்த்தார். பண்டசோழநல்லூர்ச் சொந்தங்கள் முதலில் விலகி நின்றார்கள். கூழ் ஊற்றும் நாளில் அப்பா போய்ப் பாத்திரம் கழுவிக் கொடுக்கவே திரும்பி வந்தார்கள். புயலில் கூரை போனது, ஒரு தம்பியைக் காலராவில் இழந்தோம். அப்பா யாரையும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு நெஞ்சு நோவால் படுத்தார். சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுக்கப் புதிய சாமியார் வந்தார். ஊருக்குப் புதியவர், பிள்ளைப் பருவத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவரா என்று கேட்டார். அப்பாவுக்குக் குரல் குறைந்திருந்தது.

“இல்ல சாமி. எம் பொண்ணுக்கு அப்பறம்.”

சாமியார் எங்களைப் பார்த்தார். ஜன்னி என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா சிரித்துவிட்டார், பிறகு அழுதார். அப்பா அன்று பிற்பகல் காலமானார்.

நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், இரவு பகல் உடனிருந்த கன்னியம்மாக்களுக்கும், அடக்கப் பூசை நிறைவேற்றிய சாமியாருக்கும், பண்டசோழநல்லூரிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த பெரியப்பா, சித்தப்பா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. பெட்டியின் முன்பக்கத்தை வேறு யாருக்கும் விடாமல் கல்லறை வரை சுமந்த முருகேசு மாமாவுக்குத் தனியாக நன்றி. அம்மாவுக்கு நன்றி எழுதக் கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டார். தான் ஒன்றும் செய்யவில்லையாம்; படுத்திருந்தாராம்.