அவர் பாடிய பாதி

என் கணவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பாட ஆரம்பித்தார். பூனாவுக்கு வெளியே ரஞ்சன்காவில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பஸ் காலையில் எங்கள் வீடு இருக்கும் பாணேரில் அவரை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்கும். அந்தப் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் ஒருவர் போனில் ஒரு ஆப்பைக் காட்டிக்கொடுத்தார். பழைய சினிமாப் பாட்டின் இசை மட்டும் அதில் ஓடும். வரிகள் திரையில் வரும். நாம் பாடினால் பதிவாகும். டூயட் என்றால் ஆண் பாதியை மட்டும் பாடிப் போட்டுவைக்கலாம். எங்கோ இருக்கும் ஒரு பெண் மீதியைப் பாடிச் சேர்த்துவிடுவாள்.

வீட்டில் குக்கர் சத்தமும் மேல்வீட்டு மிக்ஸி சத்தமும் பதிவாகின்றன என்று அவர் பேஸ்மென்டில் நிற்கும் எங்கள் காருக்குப் போய்விடுவார். கண்ணாடிகளை ஏற்றி, ஏஸியையும் அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டான். “மேடம், ஸாப் காடி மே ஆங்க் பந்த் கர்கே பைட்டே ஹைன். தபியத் டீக் ஹை நா?” கண்ணை மூடிக்கொண்டு காரில் கிடக்கிறாரே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று பயந்திருக்கிறான். நான் செருப்புகூடப் போடாமல் லிப்டில் இறங்கி ஓடினேன். உள்ளே அவர் சரணத்தின் உச்சத்தில் இருந்தார். கதவைத் திறந்ததும், “ஏட்டி, டேக் போச்சே!” என்றார்.

என் கஷ்டம் வேறு. நான் பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவள். கேம்ப் ஏரியாவில் உள்ள சர்ச்சில் பள்ளி நாளிலிருந்து கொயரில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிறேன். எங்களுக்கு மெட்டு கிடையாது. மெட்டைப் பாடுகிறவர்கள் மேலே போவார்கள். நாங்கள் கீழே நின்று தாங்கிக்கொடுப்போம். இத்தனை வருஷம் அதைச் செய்து எனக்குக் குரலைவிடக் காதுதான் நன்றாக வளர்ந்தது. அந்தக் காதுக்கு இவர் பாட்டு பெரிய சோதனை. சுருதி ஒரு பக்கம் போகும், இவர் ஒரு பக்கம் போவார். எல்லாவற்றையும்விட, இரண்டாவது சரணத்தை ஒவ்வொரு தடவையும் தாமதமாகவே எடுப்பார். இசை வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். இவர் மூச்சிழுத்து, தொண்டையைச் சரிசெய்து, நிதானமாக உள்ளே வருவார்.

“ஏக்தம் பேசுராவா பாடுறீங்க, சுருதியே சேரல. ரெண்டாவது சரணத்துலயாவது கொஞ்சம் ஜல்தி எடுங்க” என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

“நான் அனுபவிச்சுப் பாடுதேன்லா” என்பார்.

இதில் வெறுப்பேற்றியது, ஊரில் எல்லோரும் அவரைப் பாராட்டியதுதான். திருநெல்வேலியில் இருக்கும் அவர் தங்கை குடும்பக் குரூப்பில் கைதட்டலாக அனுப்புவாள். ஒரிஜினலைவிட அண்ணன் பாடியது உருக்கம் என்று ஒருமுறை எழுதினாள். அன்று நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

பழைய பாட்டை மறுபடி பாடுவதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஒருமுறை பாணேரில் ஒரு கல்யாண ஊர்வலம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பேண்ட்காரர்கள் நம்மூர்ப் பாட்டு ஒன்றைத் தப்பும் தவறுமாக வாசித்தார்கள். துள்ளவேண்டிய மெட்டு அந்தக் கிளாரினெட்டில் இழுபட்டு, பெண்ணை அனுப்பிவைக்கிற பாட்டு மாதிரி ஆகிவிட்டது. ரோடு திறந்த பிறகும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ஆனால் ஞாயிறன்று நாங்கள் போகும் ரெஸ்டாரன்ட்டில் ஒரு பையன் கிட்டாரோடு அதே மாதிரிப் பழைய பாட்டுகளைக் காதில் ரகசியம் சொல்வதுபோல் முனகுவான். வேகத்தைக் குறைத்தால் சோகம் வந்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் பில் வருவதற்குள் எழுந்துவிட்டேன். இவருக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

தன் டூயட்டில் என்னைப் பெண் பாதி பாடச்சொல்லி இவர் பலமுறை கேட்டார். “முதல்ல நீங்க தாளத்துல வாங்க, அப்புறம் நான் வர்றேன்” என்று சொல்லிவிட்டேன். அவரும் கேட்பதை நிறுத்திவிட்டு, எங்கள் இருவருக்கும் பிடித்த ஒரு பழைய டூயட்டின் ஆண் பாதியைப் பாடி ஆப்பில் போட்டுவிட்டார்.

சில நாள் கழித்துக் காலையில் அவல் போஹா சாப்பிடும்போது போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “ஒருத்தவுக சேந்து பாடியிருக்காக. கேளு.”

அந்தப் பெண்ணின் படம் இல்லை. ஒரு செம்பருத்திப் பூ மட்டும் இருந்தது. குரலை வைத்து வயது நாற்பது இருக்கும் என்று நினைத்தேன். பெரிய குரல் என்று சொல்ல முடியாது. பல்லவியை ஒழுங்காகப் பாடினாள். இரண்டாவது சரணம் வந்தது. வழக்கம்போல் இவர் தாமதம். அவள் தன் வரியின் கடைசி எழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், இவர் வந்து சேரும்வரை. இவர் வந்ததும், அதுவும் சுருதிக்குக் கீழே வந்ததும், அடுத்த வரியை அவளும் ஒரு இழை இறக்கி எடுத்தாள். இசையோடு சேராமல் இவரோடு சேர்ந்தாள். பிறகு மெல்ல மெல்ல இருவருமாக மேலே ஏறினார்கள். வேண்டுமென்றே அப்படி அமைத்த பாட்டு போல இருந்தது. ஒரு ஆள் தயங்குகிறான், ஒருத்தி காத்திருக்கிறாள். ஒரிஜினலில் இது இல்லை.

போஹா ஆறிவிட்டது.

“எப்படி இருக்கு?” என்றார்.

“அவங்க நல்லா பாடியிருக்காங்க” என்றேன்.

பிறகு தினமும் நான் வேலை பார்க்கும் பள்ளி ஆபீஸுக்குப் போகும்போது ஆட்டோவில் இயர்போன் போட்டு, ஆப்பில் அவர் பக்கத்தைத் திறந்து அதையே கேட்டேன். நான் கேட்டதிலேயே ஒரு பாட்டை மறுபடி பாடியதில் இதுதான் சிறந்தது என்று தோன்றத் தோன்ற எனக்கு எரிச்சல் கூடியது. அந்தப் பெண் செய்தது ஆல்ட்டோ வேலை. என் வேலை. முன்பின் தெரியாத ஒருத்தி முதல் தடவையிலேயே அதைச் செய்துவிட்டாள்.

ஒரு நாள் லீவு போட்டேன். இவர் பஸ் ஏறிப் போனதும் கார் சாவியை எடுத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். என் பெயரில் ஒரு கணக்கு திறந்து, இவர் பாதியோடு சேர்ந்து பாடினேன். சுருதி பிசகவில்லை. இரண்டாவது சரணத்தில் இவர் வரவில்லை. எனக்கும் காத்திருக்க வரவில்லை. என் வரியை அதன் இடத்தில் கச்சிதமாக முடித்தேன். அப்புறம் ஒரு வெறும் இடம். அப்புறம் இவர் தனியாக, அசட்டுத்தனமாக நுழைந்தார். மறுபடி பாடினேன். மறுபடியும் அப்படியே. நான் சரியாகப் பாடப் பாட இவர் தப்பு பெரிதாகிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கை ஒரு அடி அடித்தேன், ஹார்ன் அலறியது. கடைசியில் கோபத்தில் எதையோ தொட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன்.

தொட்டது அனுப்புகிற பொத்தான் என்பது அன்று இரவு தெரிந்தது. இவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். “பஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனேன். வஹினி மஸ்த் பாடுறாங்கன்னு ஒரே கைதட்டு.” அண்ணி பிரமாதமாகப் பாடுகிறாராம்.

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“நீதானட்டி அனுப்புன?”

“தெரியாம கை பட்டுடுச்சு. அதை ஒரு பஸ்ஸுக்கே போட்டுக் காட்டுவாங்களா?”

அவர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, “நல்லாத்தான் பாடியிருக்க. ஆனா என்னையத் திருத்துத மாதிரியே இருந்துச்சு” என்றார். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. “திருத்தாம வேற என்ன செய்றது?” என்று கேட்டுவிட்டு, சப்பாத்தி மாவை அன்று தேவைக்கு மேலேயே பிசைந்தேன்.

அடுத்த வாரம் பாத்ரூமிலிருந்து அந்தச் சரணம் கேட்டது. சரியான இடத்தில் எடுத்தார். மறுபடி பாடினார், மறுபடியும் சரியாக எடுத்தார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவரிடம் என்ன திடீரென்று என்று கேட்டேன்.

“அந்த செம்பருத்திக்காரவுக மெஸேஜ் போட்டிருந்தாக. ரெண்டாவது சரணத்தக் கொஞ்சம் சீக்கிரம் எடுங்க அண்ணான்னு. அதான் பழகுதேன்.”

“இதைத்தானே நான் மாசக்கணக்கா சொல்றேன்!”

“நீ சொன்னது வேற மாதிரில்லா இருந்துச்சு.”

ஈரத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காரிலிருந்து வெற்றி முகத்தோடு மேலே வந்தார். ஆண் பாதியைப் புதிதாகப் பாடிப் போட, அந்தப் பெண்ணும் உடனே சேர்ந்து பாடிவிட்டாளாம். கேட்டேன். இவர் நேரத்துக்கு வந்தார். அவள் எங்கும் காத்திருக்கவில்லை. சுருதியை இறக்கவில்லை. இருவரும் முடிக்கவேண்டிய இடத்தில் ஒன்றாக முடித்தார்கள். ஆப்பில் ஆயிரம் பேர் பாடியிருப்பதைப் போலவே இருந்தது.

“பழையதை ஒரு தடவை போடுங்க” என்றேன்.

“அத அழிச்சிட்டேன்லா. கேவலமா இருந்துச்சு. என் பாதிய எடுத்தா அதோட சேந்தது எல்லாமே போயிரும், உன்னோடதும் போயிட்டு. கவலைப்படாத, இனி யாரும் கேக்க முடியாது.”

“அதை ஏன் அழிச்சீங்க?” என் குரல் பக்கத்து வீடுவரை போயிருக்கும். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை இறக்கினார். “நீதானட்டி பேசுரா, பேசுரான்னு சொன்ன?”

நல்லா இருந்தது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தாமதமாக வந்ததுதான் நன்றாக இருந்தது என்று சொன்னால், அவர் இனி எல்லாப் பாட்டிலும் தாமதமாக வருவார். எனக்கு அந்தப் பெண்மேல் ஏதோ பொறாமை என்று அவர் முடிவு கட்டியிருக்க வேண்டும். மாலையில் கடைவரை போய் எனக்குப் பிடித்த பாகர்வடி வாங்கிவந்து டீயோடு வைத்தார். சாப்பிட்டேன்.

“புதுச இன்னொரு தடவ கேக்கியா? தாளம் எப்படி உக்காந்திருக்குன்னு பாரு.”

“தாளம் சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. தங்கைக்கு அனுப்பப் போனை எடுத்தார்.