அழ வைக்கிற படங்களுக்குக் கதவு திறப்பவள்

டிக்கெட் கிழிக்கிறவளுக்கு முழுப்படம் என்று ஒன்று கிடையாது. கதவைத் திறந்து மூடுகிற நேரத்துக்குத் திரையில் எது ஓடுகிறதோ, அதுதான் அவள் பார்த்த படம்.

திருப்பூரில் ஒரு பழைய தியேட்டரில் பதினோரு வருடமாக எனக்கு இந்த வேலை. சண்டைப் படம், பேய்ப் படம் வந்தால் சிரமமில்லை. விசில் அடிப்பார்கள், கத்துவார்கள், வீட்டுக்குப் போய்விடுவார்கள். மனசை உலுக்குகிற படம் வந்தால்தான் பாடு. ஒருத்தன் ஏதோ பாவம் செய்துவிடுவான், இல்லை ஒருத்திக்கு ஏதோ கொடுமை நடந்துவிடும். மீதிப் படம் முழுக்க அதிலிருந்து எழுந்து வரப் பாடுபடுவார்கள். பார்க்கிறவர்கள் அந்தப் பாரத்தை சீட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் நிற்பது நான். கடையிலோ கவுண்டரிலோ நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முடிவு தெரிந்தால்தான் உள்ளே

லாரிக்காரன் ஒருவன் ஒரு ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விடுகிற படம் அது. முதல் நாள் மதியக் காட்சிக்கு வந்த ஒருவர் இடைவேளையில் எழுந்து போய்விட்டார். மறுநாளும் வந்தார், அதே இடத்தில் எழுந்து போனார். மூன்றாம் நாள் டிக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். "ஏனுங்க, கடைசியில அவன மன்னிச்சுடறாங்களா? அதச் சொல்லுங்க, அப்பறம் போறேன்." முடிவைச் சொல்வது எங்கள் தொழிலில் தப்பு. ஆனால் அவர் முகம் இருந்த இருப்பில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அவன் அந்த அடிபட்ட ஆளோட ஊட்டுக்குப் போயிக் கதவத் தட்டறானுங்க. அதோட படம் முடிஞ்சுருது" என்றேன்.

அன்று முழுசாகப் பார்த்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அவராகவே சொன்னார். குன்னத்தூர்க்காரர், கம்பெனி வேன் ஓட்டுகிறார். நாலு வருடத்துக்கு முன்னால் வேனைப் பின்னால் எடுக்கும்போது, சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரை இடித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் போலீசுக்குச் சொன்னதும் இவர்தான். பெரியவருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கேஸும் முடிந்தது. ஆனால் இவர் ஒரு தடவைகூட அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பெரியவர் வீடு இருக்கிற தெரு வழியாகப் போகாமல், தினமும் சுற்றிக்கொண்டு போகிறார்.

பத்து நாள் கழித்துப் படம் பார்க்காமல் என்னைப் பார்க்க வந்தார். பெரியவர் வீட்டுக்குப் போனாராம். யாரென்று சொன்னாராம். அவர் இன்னொரு நாள் வரச் சொன்னாராம். "அதெல்லாங்கூடப் பரவால்லீங்க. நானு ஆருன்னு சொல்றதுக்கு மின்னாடியே, 'வெயில்ல வந்துருக்கறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க'ன்னு சொம்பக் குடுத்துட்டாருங்க. அந்தத் தண்ணி தொண்டையில எறங்கல பாருங்க, அதுதானுங்க எனக்குத் தண்டனை."

கண் சிவப்பு

ஆம்பளைகள் அழுதுவிட்டு வெளியே வருகிற அழகே தனி. கைக்குட்டையால் மூக்கை மட்டும் துடைப்பார்கள். செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற ஒருவர், அப்பா மகன் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு மிளகாய்ப்பழம் மாதிரி கண்ணோடு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "பட்டறையில கெமிக்கலுங்க, கண்ணு எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றார். பின்னால் வந்த அவர் மனைவி என்னிடம் மெதுவாகச் சொன்னது: "பட்டறை மூணு நாளா லீவுங்க அக்கா."

பின்கேட்டு

முதலிபாளையம் பக்கம் பனியன் யூனிட் வைத்திருக்கிற ஒரு முதலாளி, தன் ஆட்களுக்காக ஒரு ஞாயிறு காலைக் காட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். வாசலில் என் பக்கத்திலேயே நின்று, வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க, சாப்ட்டீங்களா?" என்று கேட்டு உள்ளே அனுப்பினார். குடும்பப் படம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். குடும்பம் இருந்தது உண்மைதான். ஆனால் கதை ஒரு மில் முதலாளியுடையது. சரக்கு வெளியே போய்விடக் கூடாதென்று அவன் பின்கதவைப் பூட்டி வைத்திருப்பான். தீப்பிடித்தபோது சாவி கிடைக்காது. மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தக் கதவு அவனைத் தூங்கவிடாது.

தீப்பிடிக்கிற காட்சியில் நான் உள்ளே நின்றேன். பாதிப் பேர் திரையைப் பார்க்கவில்லை. நடு வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளியின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசையவே இல்லை. இடைவேளைக்கு வாங்கி வைத்திருந்த முட்டை பப்ஸ் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. படம் விட்டதும் யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து அவர் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற ஒரு பெண் வேறு படத்துக்கு வந்தாள். "உங்க முதலாளி எப்படி இருக்கறாரு அம்மிணி?" என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க பின்கேட்டுப் பூட்டக் காணோங்க அக்கா. படம் பாத்த மறுநாளு, திங்கக்கெழமை காலையில ஆளுக வர்றதுக்கு மின்னாடியே வந்து, சாவியக்கூடத் தேடாம, அவரே கட்டர் போட்டு அறுத்துட்டாரு."

ஆபரேட்டர் அண்ணன்

எங்கள் ஆபரேட்டர் பழனிச்சாமி அண்ணன் தன் காலத்தில் எத்தனையோ படம் ஓட்டியவர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்றாலும், மேலே அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்ப்பதை அவர் விடவில்லை. செய்த பாவத்துக்கு அழுது திருந்துகிற ஒரு கதாநாயகனின் படம் ஐந்து வாரம் ஓடியது. கடைசி நாள் டீ குடிக்கும்போது, "படம் எப்படிங்க அண்ணா?" என்று கேட்டேன். "அவனும் தெனம் நாலு ஷோ திருந்தறான் அம்மிணி. மக்யா நாள் காலையில வந்து பாத்தா மறுக்காவும் அதே தப்பப் பண்ணீட்டு நிக்கறான்" என்றார்.

ஹாஸ்டல் பிள்ளைகள்

மில் ஹாஸ்டலில் இருந்து ஒரு வார்டன், நாற்பது பெண்களைப் படத்துக்குக் கூட்டி வந்தாள். எல்லாம் பதினெட்டு, இருபது வயது. மதுரைக்குத் தெற்கே இருந்து வந்த பிள்ளைகள், ஒடிசாப் பிள்ளைகள். தலை நிறையப் பூவும் கையில் பாப்கார்னுமாகத் திருவிழாவுக்கு வந்தது போல வந்தார்கள். படமோ, தெரிந்த ஆளாலேயே சீரழிக்கப்பட்ட ஒரு பெண், ஒரு அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு வாழ்வதைப் பற்றியது. இடைவேளை விளக்கு எரிந்தபோது நாற்பது பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் சரியாகத் தெரியாத பிள்ளைகளும் அழுதிருந்தார்கள்.

வார்டன் பதறிப்போனாள். "எந்திரிங்க எல்லாரும், போலாம். இந்தக் கருமத்தையெல்லாம் பாக்க வேண்டாம்." ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கடைசி வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் மட்டும் கைப்பிடியைப் பிடித்தபடி எழாமல் இருந்தாள். வார்டன் போய்த் தோளைத் தொட்டாள். அந்தப் பெண் திமிராகப் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். வார்டன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்து நின்றவர்களுக்கெல்லாம் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். தானும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த ஒல்லிப் பெண் சொன்னது இதுதான்: "மிச்சத்தையும் பாத்துட்டுப் போவோம்மா. இப்ப எந்திச்சுப் போனா, நம்மளப் பொறுத்தவரைக்கும் அவ அந்த ரூமுக்குள்ளயேதான் கெடப்பா."

கலாமணி

இது என் கதை. சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொன்னதில் அர்த்தமில்லை.

தியேட்டருக்கு வருவதற்கு முன் நான் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் லைனில் கலாமணி என்று ஒரு பெண் ஓவர்லாக் மெஷின் ஓட்டினாள். ஐந்து மாத கர்ப்பம், தலைச்சன் பிள்ளை. ஒரு நாள் காலையில், இடுப்பு வலிக்கிறது, வீட்டுக்குப் போகிறேன், கேட் பாஸில் கையெழுத்துப் போடுங்கள் என்று வந்து நின்றாள். அன்று ஷிப்மென்ட். மேலே இருந்து ஆளாளுக்கு என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். "மத்தியானம் வரைக்கும் ஓட்டு கண்ணு, அப்பறம் பாக்கலாம்" என்றேன். மத்தியானம் மறுபடி வந்தாள். பொழுது சாயட்டும், பார்க்கலாம் என்றேன். அன்று இரவே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. நான் நிறுத்தி வைத்ததனால்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நான் போகவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். சம்பளம் பத்தவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

போன வருடம், குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாயின் படம் ஓடியபோது, வரிசையில் கலாமணி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எட்டு வயதில் ஒரு பெண். நான் டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். "நல்லா இருக்கறீங்களா அக்கா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "ஒரே பொண்ணா கண்ணு?" என்று கேட்டுத் தொலைத்தேன். "இல்லீங்க அக்கா, இவ ரெண்டாவது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படம் முடிகிற வரைக்கும் வாசலுக்கும் படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவள் கண்ணில் படக் கூடாது, பின்கதவுப் பக்கம் வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். போகவில்லை. கூட்டம் வெளியே வந்தபோது அவள் முன்னால் போய் நின்றேன். "அன்னைக்கு உன்ன நான் அனுப்பியிருக்கோணும் கலாமணி. ரெண்டு தடவ கேட்டே, ரெண்டு தடவையும் அனுப்பல. தப்பு என்ரதுதான். ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து பாக்கல" என்றேன். அந்தக் குழந்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. கலாமணி குனிந்து குழந்தையின் செருப்பு வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. "ஆராச்சும் ஒருத்தராவது வந்து இதச் சொல்லுவாங்கன்னு இத்தன வருசமா இருந்தேனுங்க அக்கா. இப்ப நீங்க சொல்லீட்டீங்க, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

இத்தனை பேருடைய கண்ணீருக்கும் கதவு திறந்துவிட்டதில் எனக்கு மிச்சமானது முழங்கால் வலியும், வருகிற வெள்ளிக்கிழமையாவது ஒரு சிரிப்புப் படம் வந்து தொலையாதா என்ற ஏக்கமும்தான்.