தொமாசா ஆயுதம் ஒப்படைத்த நாள்

போர் முடிந்தது என்ற செய்தி முகாமுக்கு வந்ததும் எல்லோரும் தொப்பியைத் தூக்கி எறிந்து கூத்தாடினார்கள். லிபோரியோ மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

கரும்பாலையில் அடிமையாகப் பிறந்தவன் அவன். ஸ்பெயின்காரனுக்கு எதிராகக் கியூபா எழுந்த வருடம், கரும்பு வெட்டுகிற கத்தியோடு காட்டுக்கு ஓடிவந்தான். சுதந்திரத்துக்கு வா என்று கூப்பிட்ட புண்ணியவான்கள் முதலில் அவனுக்குக் கொடுத்த வேலை, ஓர் அதிகாரி படுக்கும் தூளியைச் சுமப்பதும் காப்பி போடுவதும்தான். அடப்பாவிகளா, இதற்கு ஆலையே தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். பிறகு படையில் சேர்த்தார்கள். பத்து வருடம் சண்டை போட்டான்.

இப்போது உடன்படிக்கை சொன்னது இதுதான்: கலகப் படையில் இருந்த அடிமைகள் ஆயுதத்தை ஒப்படைத்தால் விடுதலை. ஆலையிலேயே அடங்கிக் கிடந்தவர்கள் அடிமைகளாகவே இருக்கட்டும். எசமானை எதிர்த்தவனுக்கு விடுதலையாம், சொன்னபடி கேட்டவனுக்கு விலங்காம்! இந்த நியாயத்தை எந்தச் சந்தையில் வாங்கினார்களோ! லிபோரியோவின் மனைவி தொமாசா இன்னும் ஆலையில்தான் இருந்தாள்.

"அழுதா வந்துருவாளா? போய்க் கூட்டிட்டு வாடா. நம்ம படையில பொம்பளைங்களே இல்லையா என்ன?" என்றான் சார்ஜண்ட் சிரியாக்கோ. தன்னிடமிருந்த இன்னொரு வெட்டுக்கத்தியையும், வியர்வையில் கறுத்த பனையோலைத் தொப்பியையும் தூக்கிப் போட்டான். "இதை அவகிட்ட குடு. ஒப்படைக்க ஏதாவது வேணும்ல?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடிமைகள் தங்கள் சொந்தப் பாத்தியில் வேலை செய்ய விடுவார்கள். தொமாசா மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாள். கரும்புக்குள்ளிருந்து தலை நீட்டியவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பத்து வருஷம் கழிச்சு வர்றவன், ஒரு வாழைப்பழம்கூட இல்லாம வெறுங்கையை வீசிட்டு வர்றியே!"

"ஏய், சத்தம் போடாதே. கிளம்பு. நீயும் சண்டை போட்டவள்னு சொல்லப் போறோம்."

"நான் எங்கேய்யா சண்டை போட்டேன்?"

"என்கூடப் போடாத சண்டையா?"

சிரித்தாள். பிறகு கூடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஒரு மேய்ச்சல் நிலத்தில் வரிசையாக நின்றார்கள். லிபோரியோ, அடுத்து தொமாசா, அவளுக்கு அந்தப் பக்கம் சிரியாக்கோ. ஸ்பானியக் கேப்டன் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். லிபோரியோவின் முறை நல்லபடியாக முடிந்தது.

கேப்டன் தொமாசாவின் முன்னால் வந்தான். பளபளக்கும் பூட்ஸ், கையில் குதிரைச் சவுக்கு. பாவம், அவள் என்ன செய்வாள்! கத்தியைக் கீழே போட்டாள். கைகள் தாமாகவே மார்பில் குறுக்காக மடிந்தன, ஒரு முழங்கால் மடங்கியது. "ஆசி குடுங்க, எசமானே!"

ஆலையில் தினமும் காலையில் எசமான் முன்னால் அடிமைகள் அப்படித்தான் நிற்க வேண்டும். காட்டுக்கு வந்தவனை ஒரே வாரத்தில் கேலி பண்ணி அந்தப் பழக்கத்தை விட வைத்துவிடுவார்கள்.

கேப்டனின் கண் சுருங்கியது. "நேத்து வரைக்கும் நீ எந்த ஆலையில இருந்தே?"

லிபோரியோ அவளைத் திரும்பிப் பார்த்தான். போச்சு, எல்லாம் போச்சு. இனி அவளுக்குக் காலை மாட்டிப் பூட்டும் தொழுக்கட்டைதான்.

அப்போது பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். சிரியாக்கோ மண்டி போட்டிருந்தான். கைகள் மார்பில் குறுக்காக.

"எனக்கும் ஆசி குடுங்க, எசமானே!"

அப்படிக் கை மடிக்க மாட்டேன் என்றதற்காகவே ஆலையில் முதுகுத்தோல் உரிய அடி வாங்கியவன் அவன். அது படையில் எல்லோருக்கும் தெரியும்.

கேப்டன் அவன் சட்டையிலிருந்த சார்ஜண்ட் பட்டையைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "பத்து வருஷம் காட்டுல திரிஞ்ச சார்ஜண்டுக்கே பழக்கம் போகலையே! இவளை என்ன சொல்றது?" இரண்டு பேருக்கும் ஆசி கொடுத்துவிட்டுச் சிரித்தபடி நகர்ந்தான். தொமாசாவுக்கு விடுதலைச் சீட்டு கிடைத்தது.

வரிசையை விட்டு வெளியே வந்ததும் லிபோரியோ சிரியாக்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினான். "அண்ணே, நீ போய் அவன் கால்ல…"

"அவனையாடா கும்பிட்டேன்? உன் பொண்டாட்டியக் கும்பிட்டேன். போ, அவ பசியா இருப்பா, ஏதாவது வாங்கிக் குடு" என்றான் சிரியாக்கோ.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மானத்தையே எடுத்துக் கொடுத்தவனை எவ்வளவு நினைப்பது? லிபோரியோ இன்னும் முப்பது வருடம் இருந்தான். தினமும் முதல் வாய்ச் சோற்றை எடுக்கும்போது சிரியாக்கோவின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டான்.