குளுகுளுவின் இரண்டு நாள் ஓய்வு

தெருவில் அவரைக் குளுகுளு என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி மெக்கானிக். ஊரே வெந்து வடிகிற மாதங்களில் அவர் மட்டும் யார் யார் வீட்டுப் படுக்கையறையிலோ ஏணி மேல் நின்று குளிர்காற்று வாங்கிக்கொண்டிருப்பார். அவர் வீட்டில் ஏசி கிடையாது. கேட்டால், "பகல் பூரா அதோட குடித்தனம் நடத்தியாச்சு, ராத்திரியும் அது மூஞ்சியிலதான் முழிக்கணுமா?" என்பார். அருமையான பதில். கூடத்து மின்விசிறிக்குக் கீழே புழுங்கும் மனைவிக்கும் மகளுக்கும்தான் அதன் அருமை தெரியவில்லை.

அவருடைய சொத்து, சுகம், கர்வம் எல்லாமே காது. இயந்திரத்தை உடனே திறக்க மாட்டார். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். "இடது பக்கம், கீழ் போல்ட் லூஸ்" என்பார். திறந்தால் இடது பக்கம், கீழ் போல்ட்.

வெள்ளிக்கிழமை மனைவி ஆரம்பித்தாள். "பதினாறு வருஷத்துல ஒரு கோடைக்காவது, ஒரே ஒரு சனி ஞாயிறு வீட்ல இருந்திருக்கீங்களா?"

"இந்த வாரம் இருக்கேன், போ."

"உங்க கை சும்மா இருக்குமா?"

"ராஜா மாதிரி படுத்துக் கிடப்பேன், பாரு!"

பேச்சு வளர்ந்து பந்தயமாயிற்று. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் டூல்ஸ் பையைத் தொட்டால், அடுத்த லீவு முழுக்க மனைவியின் அண்ணன் வீட்டில் தங்க வேண்டும். தங்கமான மனிதர் அந்த அண்ணன். என்ன, சாப்பிடுகிறவர் எதிரே உட்கார்ந்து, தான் பதினெட்டுக் கிலோ இளைத்த கதையைக் கிலோ கிலோவாகச் சொல்வார். குளுகுளு அந்த வீட்டில் இதுவரை வயிறாரச் சாப்பிட்டதில்லை.

பை அலமாரி உச்சிக்குப் போனது. போன் மகளிடம் போனது.

சனிக்கிழமை ஓய்வை அவர் ஒரு வேலையைப் போலவே செய்தார். ஒன்பது மணிக்குப் படுத்தார். பத்துக்குப் புரண்டார். பதினொன்றுக்கு, "நல்லாத்தான் இருக்கு" என்று அறிக்கை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதான் உடம்புக்கு வழி பிடிபட்டது. ஜன்னலில் ஈரப் போர்வை. கழுவிவிட்ட கூடத்துத் தரையில் வெற்று முதுகு. ஒரு முழுத் தர்பூசணியில் முக்கால் பாகம் வயிற்றில். பிறந்த பயனை அடைந்துவிட்டோம் என்று கண்ணை மூடினார். மணி மூன்று.

கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக்.

அடுத்த வீட்டு வக்கீலின் ஏசி! குளுகுளுவைக் கூப்பிடாமல், எங்கிருந்தோ ஒருவனை வரவழைத்து மாட்டிக்கொண்ட ஏசி. 'பேரிங் போச்சு. மாட்டினவன் மூஞ்சிக்கு வேற எப்படி இருக்கும்?' என்று மனம் குளிர்ந்தது. ஆனால் குளிர்ந்த மனத்துக்கும் தூக்கம் வரவில்லை. யானைக் காதில் எறும்பு புகுந்த கதையாகப் புரண்டார். தலையணையைக் காதில் அமுக்கினார். சத்தம் தலையணைக்குள்ளும் வந்தது.

பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்கினாள். குளுகுளு பூனை நடை நடந்து, ஃபிரிட்ஜ் மேல் கிடந்த பழைய ஸ்க்ரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டார். பந்தயம் பையைப் பற்றியது. இது பைக்கு வெளியே கிடந்தது. வக்கீல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இப்படியெல்லாம் பாயிண்டு தோன்றும்.

வக்கீல் வாசல் நிழலில் பனியனோடு உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சார், உங்க ஏசி கத்துது. நான் மாட்டியிருந்தா இப்படி ஆகுமா?"

"ஏசியா? வீட்டுக்காரிக்கு ஜலதோஷம். ரெண்டு நாளா போடவே இல்லையே, தம்பி!"

குளுகுளு சுவரில் காது வைத்தார். கல்லறை அமைதி.

திரும்பி வந்து கூடத்தில் நின்றார். கிர்ர்ர்... டக். மெல்ல அண்ணாந்தார். அதற்குள் மகள் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள். சத்தம் நின்றது. போட்டாள். கிர்ர்ர்... டக்.

"அப்பா, அது நம்ம ஃபேன். நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்போ இருந்தே கத்துது."

"என்கிட்ட யாருமே சொல்லலையே!"

தூங்குவதாக நினைத்த மனைவி கண் திறக்காமலே சொன்னாள்: "எட்டு வருஷமா சொல்றேன். எட்டு வருஷமா 'ம்'ங்கிறீங்க."

மணி மூன்றே கால். ஆறு வரை பல்லைக் கடித்தால் பந்தயம் கையில். படுத்தார். எட்டு வருஷம் கேட்காத சத்தம், கேட்கத் தொடங்கிய பிறகு நிற்குமா? ஒவ்வொரு 'டக்'கும் உச்சந்தலையில் குட்டியது. பத்து நிமிஷம் தாங்கினார். பதினெட்டுக் கிலோவை நினைத்து மேலும் ஐந்து நிமிஷம் தாங்கினார்.

"அந்தப் பையை எடும்மா" என்றார் மகளிடம்.

வேலை ஏழே நிமிஷம். ஒரு வாஷர், இரண்டு திருகு. விசிறி சத்தமில்லாமல் சுழன்றது. ஏணியிலிருந்து இறங்க மனமில்லாமல் அவர் மேலேயே நின்றார். கீழே மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே, லீவு பூரா அங்கதான். வாய் தவறிச் சொல்லலை, நிஜமாத்தான். என்னது? உங்க ஏசி சத்தம் போடுதா?"

குளுகுளுவின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"எந்த மாதிரி சத்தம்னு கேளு."