உப்பு ஆபீஸ் நாற்காலி

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்துக்கு நடுவே ஒரு மேட்டில் வெள்ளைக்காரன் காலத்து உப்பு ஆபீஸ் இருக்கிறது. எங்களுக்கு அரசாங்கம் என்றால் அதுதான். மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நின்று அந்த மேடு தீவாகிவிடும். அளத்தில் வேலை செய்யும் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் மனு கொடுப்போம். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை, நாங்களாகவே நின்றோம். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

போன புயலில் எங்கள் தெருவையே அங்கே தங்கவைத்தார்கள். அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா கஞ்சி குடித்தாள்.

தண்ணீர் வடிந்ததும் மனுவோடு இருவரும் போனோம். நான் வழக்கம்போல் ஜன்னலருகே நின்றுவிட்டேன். அம்மா செருப்போடு உள்ளே போய், அதிகாரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க இன்னா பண்ற? உள்ள வந்து உக்காரு."