திரும்பாத தலை

என் பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் தப்பினால் எங்கள் கீபோர்டுக்காரரின் தலை திரும்பும். வாய் திறக்க மாட்டார். ஒரு பார்வை, அவ்வளவுதான். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பார்வையை மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். கிட்டார் பழகியது சர்ச் பாடகர் குழுவில். பிழைக்க வந்தது திருப்பூருக்கு, நிட்டிங் மிஷின் ஓட்ட. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது கல்யாண வரவேற்பிலோ இந்தப் பக்கம் நோம்பி என்கிற கோயில் திருவிழாவிலோ எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா. கீபோர்டுக்காரர் அவிநாசிப் பக்கம் சொந்தத் தோட்டம் உள்ளவர், சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். மற்றவர்களும் பனியன் கம்பெனி ஆட்களே. இதை நம்பி யாரும் அடுப்பெரிக்கவில்லை. ஆனால் மேடையில் நிற்கும் அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் நான் ஓட்டினேன்.

மிஷின் ஹால் இரைச்சலில் பேச்சு என்பதே சைகைதான். காதில் வேஸ்ட் பஞ்சை அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் அடைக்க மாட்டேன். ஊசி உடைந்தால் துணியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர். இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு ஆர்டர்கள் குவிந்தன, தினமும் ஒன்றரை ஷிப்டு ஆனது. வீட்டில் என் டிவி சத்தம் தாங்காமல் பக்கத்து லைன் வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கீபோர்டுக்காரர் சுருதி பார்க்கும் டியூனர் ஒன்றை வாங்கிவந்து நீட்டினார். "என் காத விட இது பெருசா?" என்று கிட்டார் பைக்குள் எறிந்தேன். அதற்கு ஒரு பேட்டரிகூடப் போடவில்லை.

பிறகு எனக்கு நல்ல காலம் வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் அவர் தலை திரும்பவே இல்லை. கை நன்றாகப் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊத்துக்குளியில் ஒரு வரவேற்பு. பாட்டின் நடுவில் மூக்குக்கண்ணாடி நழுவியது. கம்பியிலிருந்து கையை எடுத்துச் சரிசெய்தேன். பேஸ் நிற்கவில்லை. மேடைப் பலகை வழியாக என் காலில் அதிர்ந்துகொண்டே இருந்தது. வேண்டுமென்றே ஒரு தப்பான சுரத்தை ஓங்கி அடித்தேன். அப்புறம் இன்னொன்று, சகிக்க முடியாத ஒன்று. அவர் திரும்பவில்லை. அவருடைய இடது கை கீழ்க்கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் என்னுடையது என்று நான் கேட்டு மகிழ்ந்த பேஸ் அதுதான். என் கிட்டார் ஸ்பீக்கருக்குப் போகவே இல்லை.

முடிந்ததும் வேன் பக்கத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் கிட்டார் லைன எப்பலேருந்து மூடி வச்சிருக்கிய?"

"போன வருசம் பங்குனியிலிருந்துங்ணா. சுருதி சேரலீங்க. நாந்தான் மைக்செட்காரர்கிட்டச் சொன்னனுங்க."

சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். என்னோடு அப்படிப் பேச அவர் எப்போதோ பழகியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வராதன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதான?"

"அப்படிச் சொல்ல எங்க யாருக்கும் மனசு வர்லீங்ணா."

அப்படியென்றால் பாடகிக்குத் தெரியும், டிரம்ஸ்காரருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அவமானமாக இருந்தது. பாவம் பார்த்திருக்கிறார்களே என்ற ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் தட்டைத் தள்ளினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. டியூனருக்குப் பேட்டரி வாங்கிப் போட்டு, கிட்டாரோடு சேர்த்துக் கீபோர்டுக்காரரிடம் நீட்டினேன்.

"நீங்களே சுருதி வச்சுத் தாங்க. ஒரு பாட்டுக்கு மட்டும் என் லைனத் தொறக்கச் சொல்லுங்க. ஒங்க எடது கைய எடுத்துருங்க."

அவர் நான்கு கம்பிகளையும் முறுக்கிக் கொடுத்தார். மைக்செட்காரர் லைனைத் திறந்தார்.

முதல் பாட்டு தொடங்கியது. பல்லவி ஒழுங்காகத்தான் போனது என்று நினைக்கிறேன். சரணத்துக்குப் போகும் இடத்தில் எங்கேயோ தப்பிவிட்டேன். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தலை திரும்பியது.

பாட்டு முடியும்வரை பொறுத்திருந்தேன். முடிந்ததும் மைக்செட்காரரைப் பார்த்து நானே உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினேன். அவர் லைனை மூடினார். கீபோர்டுக்காரர் இடது கையைக் கட்டைகளின் மேல் வைத்தார்.

அன்றைக்கு இன்னும் இருபது பாட்டு இருந்தது. ஒன்றையும் விடாமல் வாசித்தேன்.